எடை தெரியும், கடுமை தெரியும் – கரைசல் எத்தனை லிட்டர்?

தோழர்களே, இந்த வாரம் சம்பளப் பேச்சையும் போனஸ் பேச்சையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு கணக்கைப் பற்றிப் பேசுவோம். கணக்கு என்றதும் பத்திரிகையை மடித்து வைத்துவிட வேண்டாம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர்கள் எல்லோரும் போட்டுவிடக்கூடிய வகுத்தல் கணக்குதான் இது. ஒரு பொருளின் எடை நமக்குத் தெரியும். கரைசல் எவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும் என்பதும் தெரியும். அப்படியானால் எத்தனை லிட்டர் கரைசல் கலக்க முடியும்? கேள்வி இவ்வளவுதான்.

இதை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஒரு தோட்டத்தில் கூட்டம் முடிந்து நாம் புறப்படும் நேரத்தில் ஓர் அம்மாள் வந்தார். "தலைவரே, எம் மவ நாலாம் பாரம் படிக்கிறா. கெமிஸ்ட்ரின்னாலே அழுவுறா. சயன்ஸ் கிளாச விட்டுட்டு வேற கிளாசுக்குப் போறேங்குறா. வீட்டுல சொல்லிக் குடுக்க யாருக்கும் தெரியல. நீங்களாச்சும் நாலு வார்த்த சொல்லுங்க" என்றார். அவர் பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் பேசவில்லை. தம் விரல்களைக் காட்டினார். ஆசிட் பட்டுத் தோல் உரிந்து வெளுத்துப்போயிருந்தது. "எவ்வளவு தண்ணி ஊத்தணும்னு யாருண்ணே சொல்றா? ஒரு குவளை ஆசிட்டு, ஒரு வாளித் தண்ணி, அவ்வளவுதான்" என்றார்.

மகள் புத்தகத்தில் போட முடியாமல் அழுகிற கணக்கும், தகப்பன் வாளியில் கண்மூடிப் போடுகிற கணக்கும் ஒரே கணக்கு என்பது அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. இதுதான் நம்மை எழுத வைத்தது.

மோல் என்றால் என்ன?

முட்டையை டசன் கணக்கில் வாங்குகிறோம். டசன் என்றால் 12. கோழி முட்டை ஒரு டசனும் வாத்து முட்டை ஒரு டசனும் எடையில் வேறுபடும். எண்ணிக்கையில் இரண்டும் 12தான். இரசாயனப் பொருள்களுக்கும் அப்படி ஒரு 'டசன்' உண்டு. அதற்குப் பெயர் மோல். கண்ணுக்குத் தெரியாத துகள்களை எண்ணுவதால் அந்த எண்ணிக்கை மிகப் பெரியது: 602 எழுதி, அதற்குப் பின்னால் 21 பூஜ்யம் போட்டுக்கொள்ளுங்கள். இந்த எண்ணை யாரும் ஒன்று இரண்டு என்று எண்ணிப் பார்ப்பதில்லை. தராசில் நிறுத்தால் போதும்.

எப்படி? ஒவ்வொரு பொருளிலும் ஒரு மோலுக்கு இத்தனை கிராம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஹைட்ரஜனுக்கு 1, கார்பனுக்கு 12, நைட்ரஜனுக்கு 14, ஆக்சிஜனுக்கு 16, சோடியத்துக்கு 23. பரீட்சைத் தாளிலேயே இந்த எண்களைக் கொடுத்துவிடுவார்கள். பால் உறைய ஊற்றுகிறோமே, அந்த ஃபோர்மிக் ஆசிட்டில் ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன் இருக்கின்றன. 12ம் 2ம் 32ம் சேர்த்தால் 46. ஆகவே 46 கிராம் ஃபோர்மிக் ஆசிட் என்றால் ஒரு மோல். சமையலறை வினிகரில் இருக்கிற அசெட்டிக் ஆசிட்டுக்கு இதே கணக்கைப் போட்டால் 60 வரும். அதாவது 46 கிராம் ஃபோர்மிக் ஆசிட்டிலும் 60 கிராம் அசெட்டிக் ஆசிட்டிலும் துகள்களின் எண்ணிக்கை ஒன்றே. இரசாயன வேலைக்கு எண்ணிக்கைதான் முக்கியம். எடை அதற்குப் போகும் வழி மட்டுமே.

அடுத்தது கடுமை. ஒரு லிட்டர் கரைசலுக்குள் எத்தனை மோல் இருக்கிறதோ அதுவே அந்தக் கரைசலின் மோலாரிட்டி. லிட்டருக்கு ஒரு மோல் இருந்தால் 1 மோலார். அரை மோல் இருந்தால் 0.5 மோலார். தேநீரில் சீனியைக் கூட்டிக் குறைப்பது போலத்தான். அங்கே கரண்டிக் கணக்கு, இங்கே மோல் கணக்கு.

இரண்டே வகுத்தல்

எடையிலிருந்து லிட்டருக்குப் போக இரண்டு படிதான் உண்டு.

முதல் படி: கையில் இருக்கிற எடையை, அந்தப் பொருளின் ஒரு மோல் எடையால் வகுக்கவும். எத்தனை மோல் என்று தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: வந்த மோலை, வேண்டிய மோலாரிட்டியால் வகுக்கவும். எத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும்.

செம்பனை ஆலைகளில் இருக்கும் பரிசோதனை அறையைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் எவ்வளவு புளித்திருக்கிறது என்று அங்கே அளக்கிறார்கள். எண்ணெயின் தரத்தையும் விலையையும் காட்டுகிற அளவு அது. அதற்குக் காஸ்டிக் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். வழக்கமாக 0.1 மோலார் கரைசல். ஒரு பையன் காஸ்டிக் சோடாவை நிறுக்கிறான். தராசில் 6 கிராம் காட்டுகிறது. எத்தனை லிட்டர் கலக்கலாம்?

காஸ்டிக் சோடாவில் சோடியம் 23, ஆக்சிஜன் 16, ஹைட்ரஜன் 1, மொத்தம் 40. முதல் படி: 6 ÷ 40 = 0.15 மோல். இரண்டாம் படி: 0.15 ÷ 0.1 = 1.5 லிட்டர். கணக்கு முடிந்தது.

விடை சரியா என்று பார்க்க வாத்தியார் வர வேண்டியதில்லை. எடையை இரட்டித்தால் லிட்டரும் இரட்டிக்க வேண்டும். கடுமையை இரட்டித்தால் லிட்டர் பாதியாக வேண்டும். பிள்ளை எழுதிய விடை இந்த இரண்டுக்கும் ஒத்துவரவில்லை என்றால், வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் நடப்பது இதுதான்.

அந்தப் பையன் 1.5 லிட்டருக்குப் பதிலாக 2 லிட்டர் கலந்துவிட்டால் என்ன ஆகும்? கரைசல் நீர்த்துப்போகும். அதே எண்ணெய்க்கு அதிகச் சொட்டு செலவாகும். நல்ல எண்ணெய்கூட புளித்த எண்ணெய் என்று கணக்கில் ஏறிவிடும். ஒரு வகுத்தல் தவறினால் ஓர் ஆலையின் ஒரு நாள் வேலை தரம் குறைந்து போகிறது, பார்த்தீர்களா? காஸ்டிக் சோடா காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் கலந்த பிறகும் இன்னொரு முறை சோதித்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துகிறார்கள்.

பால் ஸ்டோருக்கு வருவோம்

கித்தா பாலில் ரப்பர்த் துகள்கள் மிதந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் மேல் எதிர் மின்சாரம் இருப்பதால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு ஒட்டாமல் நிற்கின்றன. ஆசிட் விட்டதும் அந்த மின்சாரம் தணிந்து, துகள்கள் ஒட்டிக்கொண்டு கட்டியாகின்றன. ஆசிட் குறைந்தால் பால் சரியாக உறையாது. மறுநாள் காலை வரை காத்துக் கிடக்க வேண்டும். கூடினால் கட்டி விறைத்துப்போகும், ஷீட் காய நேரம் எடுக்கும், கை வெந்துபோகும், ஆசிட்டுக்குக் கொடுத்த காசும் வீண்.

இன்று நம் நாட்டில் பெரிய தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு மாறிவிட்டன. ஆனாலும் சிறு தோட்டக்காரர்கள் பால் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கோப்பையிலேயே கட்டியாக்குகிறவர்களுக்கும், ஷீட் போடுகிறவர்களுக்கும் ஆசிட் தேவைப்படுகிறது. ஆகவே இந்தக் கணக்குக்கு இன்னும் வேலை இருக்கிறது.

கடையில் வாங்கும் ஃபோர்மிக் ஆசிட் கலனில் 90 சதவிகிதம் என்று போட்டிருக்கும், சிலவற்றில் 85. அதாவது 100 கிராமில் 90 கிராம்தான் ஆசிட், மீதி தண்ணீர். அந்தத் திரவம் தண்ணீரைவிடக் கனமானது. ஒரு மில்லி லிட்டர் சுமார் 1.2 கிராம் இருக்கும். இப்போது 100 மில்லி லிட்டர் ஆசிட் எடுத்து 0.5 மோலார் கரைசல் கலக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

100 மில்லி லிட்டரின் எடை 120 கிராம். அதில் 90 சதவிகிதம் என்றால் 108 கிராம் ஆசிட். முதல் படி: 108 ÷ 46 = 2.35 மோல். இரண்டாம் படி: 2.35 ÷ 0.5 = 4.7 லிட்டர். ஆக, 100 மில்லி லிட்டர் கடும் ஆசிட்டிலிருந்து 4.7 லிட்டர் கரைசல் கிடைக்கும். இந்தக் கரைசலில் லிட்டருக்கு 23 கிராம் ஆசிட் இருக்கும். சதவிகிதத்தில் சொன்னால் சுமார் 2.3.

ஷீட் போடுவதற்கு ஒரு கிலோ உலர்ந்த ரப்பருக்கு ஏறக்குறைய 4 மில்லி லிட்டர் கடும் ஆசிட் என்பது பழகிய கணக்கு. 10 கிலோ என்றால் 40 மில்லி லிட்டர். நாம் கலந்து வைத்த 0.5 மோலார் கரைசலில் அது 1.9 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். இப்படிச் செய்தால் கடும் ஆசிட்டை ஒவ்வொரு தடவையும் கையில் தொட வேண்டியதில்லை. ஒரு தடவை, காற்றோட்டமான இடத்தில், கையுறையும் கண் கண்ணாடியும் போட்டுக்கொண்டு கலந்து வைத்தால் போதும். பிறகு அளந்து ஊற்றுவதெல்லாம் நீர்த்த கரைசல். அந்தத் தோழரின் விரல்கள் வெந்ததற்குக் காரணம் ஆசிட் மட்டும் அல்ல. அளவு சொல்லிக் கொடுக்காததும்தான்.

கால் இடறும் இடங்கள்

பிள்ளைகளும் பெரியவர்களும் தவறுகிற இடங்களைத் தனித்தனியாகச் சொல்லிவிடுகிறோம்.

ஒன்று: சதவிகிதத்தை மறப்பது. 120 கிராமையும் ஆசிட் என்று எண்ணிக் கணக்குப் போட்டால் 5.2 லிட்டர் வரும். கரைசல் நீர்த்துவிடும். அதேபோல் 90 போட்ட கலனுக்குப் பழகிய குவளையை 85 போட்ட கலனுக்கும் அப்படியே பயன்படுத்தினால் கணக்கு மாறும், 4.7 லிட்டருக்குப் பதில் 4.4 லிட்டர்தான் கலக்க வேண்டும்.

இரண்டு: மில்லி லிட்டரைக் கிராம் என்று எடுத்துக்கொள்வது. தண்ணீருக்குத்தான் அது பொருந்தும். ஃபோர்மிக் ஆசிட்டுக்கு அப்படிப் போட்டால் 3.9 லிட்டர் என்று வரும். கலந்தது 0.5 என்று நினைப்போம், உண்மையில் 0.6 மோலாராக இருக்கும்.

மூன்று: 4.7 லிட்டர் என்பது கரைசலின் அளவு. தண்ணீரின் அளவு அல்ல. பாதிக்கு மேல் தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் ஆசிட்டை மெதுவாக விட்டு, கடைசியில் 4.7 லிட்டர் கோடு வரை தண்ணீர் சேர்க்க வேண்டும். ஆசிட்டைத்தான் தண்ணீரில் விட வேண்டும். தண்ணீரை ஆசிட்டில் ஊற்றவே கூடாது. சூடேறித் தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து.

நான்கு: மயில்துத்தம். ரப்பர் மரத்தில் இளஞ்சிவப்பு நோய் வந்தால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையைப் பூசுவது பழைய வழக்கம். செம்பு கலந்தால் ரப்பர் கெட்டுவிடும் என்பதால் பால் வெட்டும் மரங்களுக்கு அதைத் தவிர்ப்பார்கள். இந்த நீல நிறத் துண்டுகளில் காப்பர் சல்ஃபேட் மட்டும் இல்லை. ஒவ்வொன்றோடும் ஐந்து தண்ணீர்த் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காப்பர் சல்ஃபேட் மட்டும் 160. தண்ணீரோடு சேர்த்து 250. 25 கிராம் நீலத் துண்டு எடுத்தால் 25 ÷ 250 = 0.1 மோல். 0.2 மோலார் கரைசலுக்கு 0.1 ÷ 0.2 = 0.5 லிட்டர். 160ஆல் வகுத்த பிள்ளைக்கு 0.78 லிட்டர் வரும், மதிப்பெண் போய்விடும். கேள்வியில் தண்ணீர் சேர்ந்த வாய்ப்பாடு கொடுத்திருக்கிறார்களா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐந்து: பள்ளியில் லிட்டர் என்று சொல்லமாட்டார்கள், கன டெசிமீட்டர் என்பார்கள். இரண்டும் ஒன்றே. ஆயிரம் கன செண்டிமீட்டர் சேர்ந்தால் ஒரு லிட்டர். விடையைக் கன செண்டிமீட்டரில் கேட்டால் கடைசியில் ஆயிரத்தால் பெருக்க வேண்டும். பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற சூத்திரத்தில் 1000 என்று ஓர் எண் வருவது இதனால்தான். அதில் மந்திரம் எதுவும் கிடையாது.

அமோனியா விஷயம்

மோல் கணக்கு எதற்கு, எடைக் கணக்கு போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். மழை நாளில் பால் கோப்பையிலேயே உறைந்துவிடக் கூடாது என்று அமோனியா விடுவது உண்டு. அந்தப் பால் ஸ்டோருக்கு வந்ததும் வழக்கமான ஆசிட் போதாது. ஏன்? அமோனியா ஆசிட்டை முறித்துவிடுகிறது. ஒரு மோல் அமோனியா ஒரு மோல் ஃபோர்மிக் ஆசிட்டைத் தின்றுவிடும். ஒரு மோல் அமோனியாவின் எடை 17 கிராம்தான். அது விழுங்குவதோ 46 கிராம் ஆசிட்! எடைக்கு எடை கணக்குப் பார்த்தவர் ஏமாந்துபோவார். எண்ணிக்கைக்கு எண்ணிக்கை பார்த்தவருக்கே சரியாக வரும்.

வீட்டில் சொல்லிக் கொடுக்க

பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் மலாயில் படிக்கிறார்கள். சில பள்ளிகளில் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். நமக்குத் தெரிந்த சொல்லும் அவர்கள் புத்தகத்துச் சொல்லும் வேறாக இருப்பதால்தான் பெற்றோர் ஒதுங்கிப் போகிறார்கள். நாலு சொல் தெரிந்தால் போதும். எடைக்கு 'ஜிசிம்' என்பார்கள். ஒரு மோல் எடைக்கு 'ஜிசிம் மோலார்'. கரைசலுக்கு 'லாருத்தான்'. கடுமைக்கு 'கெமொலாரான்'. கொள்ளளவுக்கு 'இசிபாடு'. இனி உங்கள் மகன் கணக்கோடு உட்கார்ந்தால், "ஜிசிம் எவ்வளவு குடுத்திருக்கான்? ஜிசிம் மோலார் எவ்வளவு? மொதல்ல வகுத்து மோல எடு. அப்புறம் கெமொலாரான்ல வகு" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். அப்பாவுக்குத் தெரிகிறது என்ற நினைப்பே பாதிப் பயத்தைப் போக்கிவிடும். இரசாயனம் கைவிட்டுப் போனால் மருத்துவம், மருந்தாளர் வேலை, இரசாயனப் பொறியியல் எல்லாம் கைவிட்டுப் போகும். ஒரு வகுத்தலுக்குப் பயந்து நம் பிள்ளைகள் அந்தக் கதவைத் தாங்களே சாத்திக்கொள்வதை நாம் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

அளவு கேட்பது உரிமை

களைக்கொல்லி மருந்தைக் கலக்க மோல் கணக்கு போட வேண்டாம். கலனில் ஒட்டியிருக்கிற லேபிளில் உள்ள அளவை அப்படியே பின்பற்ற வேண்டும். அதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஆனால் அங்கேயும் பாடம் ஒன்றே: அளவு தெரியாமல் கலக்கக் கூடாது. பாராகுவாட் கதையை மறக்க முடியுமா? மருந்தடிக்கும் வேலையில் நம் பெண்கள்தாம் அதிகம் இருந்தார்கள். அரசாங்கம் 2002ஆம் ஆண்டில் அதற்குத் தடை அறிவித்தது. 2006ஆம் ஆண்டில் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதிதான். தடையென்ற சொல்லுக்கும் தடைக்கும் நடுவில் அத்தனை வருடம் போனது.

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி, வேலைக்குத் தேவையான தகவலையும் பயிற்சியையும் தருவது முதலாளியின் கடமை. ஆபத்தான இரசாயனங்களைக் கையாள்பவர்களுக்கு அவற்றின் தீங்கைச் சொல்லித் தர வேண்டும் என்று 2000ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. திருத்தப்பட்ட சட்டம் 2024 ஜூன் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இருப்பதாக நம்பக் காரணம் இருந்து, முதலாளியிடம் தெரிவித்தும் அவர் அதை நீக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையைத் தொழிலாளிக்கு அது கொடுத்திருக்கிறது. 2013ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஆசிட், காஸ்டிக் சோடா போன்றவற்றின் லேபிளும் பாதுகாப்புத் தகவல் தாளும் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழில் இருக்க வேண்டும் என்று அவற்றில் இல்லை. ஆகவே, படித்த பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளை லேபிளைப் படித்துச் சொல்லட்டும். நீங்கள் ஸ்டோரில் ஆசிட் எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

வேலையிடத்தில் ஆசிட் கலக்கச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: இது எத்தனை சதவிகிதம்? எவ்வளவு கடுமையாக வேண்டும்? மொத்தம் எத்தனை லிட்டர்? மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேட்காமல் இருக்காதீர்கள். "கண்ணால பாத்தாலே தெரியாதா" என்று மண்டோர் சொன்னால், கண்ணுக்குத் தெரிவதில்லை என்று சொல்லுங்கள். கடும் ஆசிட்டும் தண்ணீரும் பார்வைக்கு ஒரே நிறம்தான். விடையை ஓர் அட்டையில் எழுதி ஸ்டோர் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். எழுதித் தர ஆள் இல்லையென்றால் உங்கள் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள்; நாம் வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறோம். இந்த விடுமுறையில், நான்காம் படிவத்துப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் யாராவது ஒரு பிள்ளை அந்த அட்டையை எழுதட்டும்.